பில் கவுன்டரில் படித்த சட்டம்

நெடுஞ்சாலை ஓரத்து ஊரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில் கவுன்டரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரவு டூட்டியில் விபத்து கேஸ்தான் அதிகம். அடிபட்டவர் கேசுவாலிட்டிக்குள் போனதும் நான் கேட்க வேண்டிய கேள்வி: "கூட வந்தது யாருங்க? அட்வான்ஸ் கட்டிருங்க."

தூக்கி வந்தவர் பெரும்பாலும் உறவுக்காரராக இருக்கமாட்டார். ஒருமுறை லோடு ஆட்டோக்காரர் ஒருவர், சட்டையெல்லாம் ரத்தமாக நின்றார். "தம்பி, இவரு யாருன்னே எனக்குத் தெரியாது. ரோட்டுல கிடந்தாரு" என்றார். நான் ரசீதுப் புத்தகத்திலிருந்து நிமிர்வதற்குள் போய்விட்டார். டூட்டி டாக்டர் ரத்தத்தை நிறுத்தி, ட்ரிப்ஸ் ஏற்றி, ஜி.எச்.சுக்கு எழுதினார். எங்களிடம் ஸ்கேனும் இருந்தது, தியேட்டரும் இருந்தது. பணம் கட்டத்தான் ஆள் இல்லை.

"அவசரத்துக்குப் பார்த்தே ஆகணும்னு சட்டம் இருக்குல்ல சார்?" என்று மேனேஜரைக் கேட்டேன். "இருக்குப்பா. பில்லை யார் கட்டணும்னு அதுல இல்லையே" என்றார்.

கோபத்தோடு தேடிப் படித்தேன். அவர் சொன்னது ஏறக்குறைய சரி. ஸ்கூட்டரில் போய் அடிபட்ட ஒருவரை, போலீஸ் கேஸ் என்று ஒரு மருத்துவமனை திருப்பி அனுப்ப, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொன்றுக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்தார். அந்தச் செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா தொடுத்த வழக்கில்தான், அரசு மருத்துவரோ தனியாரோ, உயிரைக் காப்பதே முதல் கடமை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஹக்கீம் ஷேக்கை, இடமில்லை, வசதியில்லை என்று அரசு மருத்துவமனைகளே வரிசையாகத் திருப்பி அனுப்பின. தனியாரிடம் செலவழித்துப் பிழைத்தார். நிதியில்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. தூக்கி வந்தவரிடம் பணம் கேட்கக் கூடாது என்ற விதிமுறைக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. இத்தனைக்கும் பிறகு, தனியார் ஆஸ்பத்திரி செய்த செலவு யார் கணக்கில் என்பது தொங்கலிலேயே இருந்தது.

2021 டிசம்பரில் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசம். தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை அரசு தந்தது. காப்பீட்டு அட்டை வேண்டாம். எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி. எங்கள் ஆஸ்பத்திரியும் சேர்ந்தது. டாக்டர்கள் அதே டாக்டர்கள், மேனேஜரும் அவரேதான். என் கேள்வி மட்டும் மாறியது: "எங்க அடிபட்டுச்சு? எத்தனை மணிக்கு?"

மனிதர்களின் ஈரம் ஓர் இரவில் கூடிவிடவில்லை. செலவுக்கு ஒரு கணக்கு பிறந்தது, அவ்வளவுதான். அதே கவுன்டரில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கும் பாம்பு கடித்து வந்தவருக்கும் பழைய கேள்வியே தொடர்ந்தது. அது சாலை விபத்துக்கான திட்டம். அவசர சிகிச்சை உரிமை என்று எந்த அறிவிப்பு வந்தாலும், இப்போது நான் முதலில் தேடுவது பணம் யார் தருவார் என்ற பத்தியைத்தான். அந்தப் பத்தி இல்லாவிட்டால், சட்டத்தை அமல்படுத்தும் பொறுப்பு ராத்திரி டூட்டி பில் கிளார்க்கின் தலையில் விழும். அவனால் அது முடியாது.