கீறலும் மெருகும்

அரக்கோணம் இருப்புப்பாதைகள் பல வந்து கூடும் ஊர். தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜாவை நோக்கி ஓடியபோது, இவ்வூர் வழியாகவே ஓடிற்று. இரவும் பகலும் வண்டிகளின் ஓசை ஓயாத இவ்வூரில், நிலையத்திற்கு அருகே உள்ள தெருவொன்றில், ஒரு கோடை விடுமுறையில் நிகழ்ந்தது இச்சிறு நிகழ்ச்சி.

அத்தெருவில் ஒரு வீடு. வீட்டுத் தலைவர் இரயில் ஓட்டுநர். அவருடைய பழைய தகரப் பெட்டியின் அடியில், துணியிற் சுற்றிய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று கிடந்தது. கேம் பாய் என்பது அதன் பெயர். ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டில் சீட்டுக்கட்டுகள் செய்யத் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனம், சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1989-இல் அதனை வெளியிட்டது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோக்கோய் என்பவர். புகைவண்டியில் ஒருவர் பொழுதுபோகாமல் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டபோதே, கையில் ஏந்தி விளையாடும் கருவி ஒன்று செய்யவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது என்பர். வண்டியிற் பிறந்த எண்ணம், வண்டியோட்டி ஒருவரின் பெட்டியிலே வந்து உறங்கிற்று!

ஓட்டுநர் பள்ளிச் சிறுவராக இருந்த காலத்தில், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் அதனை அவருக்குக் கொணர்ந்து கொடுத்தார். இப்பொழுது அவருடைய மகன் அதனைக் கண்டெடுத்தான். நான்கு மின்கலங்களை இட்டான். திரையில் உருவங்கள் தோன்றின. சிறுவனின் உள்ளம் துள்ளியது. ஆனால், திரையின்மேல் தூசி படிந்திருந்தது. அவன் சட்டையின் ஓரத்தால் திரையை அழுத்தித் துடைத்தான். தூசி போயிற்று, அதற்கு ஈடாக, மெல்லிய வெண்கோடுகள் சிலந்தி வலைபோலத் திரையெங்கும் பரவின.

சிறுவன் திகைத்தான். தந்தையார் வெளியூர்ப் பணி முடித்து மறுநாட் காலை திரும்பிவிடுவார். அவரைக் கேளாமல் எடுத்த பொருள், அதுவும் பழுதாயிற்று. என் செய்வது?

தாயைப் பெற்ற பாட்டனார் திண்ணையில் அமர்ந்திருந்தார். இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில், தோலுக்கு மெருகேற்றும் பணியில் நெடுங்காலம் உழைத்தவர் அவர். சிறுவன் கருவியை அவர் கையிற் கொடுத்து, நடந்ததைச் சொன்னான்.

“துணியா கீறியது? மணலன்றோ கீறியது!” என்றார் பாட்டனார்.

அவர் கூறியது உண்மையே. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் அளவுகோல் ஒன்றை, 1812-ஆம் ஆண்டில் பிரெடரிக் மோஸ் என்ற அறிஞர் வகுத்தார். அதில் வைரத்தின் கடினம் 10. மணலில் மிகுந்துள்ள குவார்ட்சு என்னும் கல்லின் கடினம் 7. பிளாஸ்டிக்கோ அக்கல்லினும் மிக மெல்லியது. ஆதலால், தூசி படிந்த திரையை உலர்ந்த துணியால் துடைப்பவர், மணலைக் கொண்டே அதனை உழுகின்றார். முதலில் தூசியை ஊதிப் போக்கி, பின்னர் ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்தலே முறை.

“தாத்தா, இதனைப் பழையபடி ஆக்க முடியுமா?”

“முயன்று பார்ப்போம். ஆனால், அவசரப்படலாகாது” என்று சொல்லி, அவர் பணியைத் தொடங்கினார். மின்கலங்களை அகற்றினார். திரையின் விளிம்பிலும், ஒலி வரும் துளைகளின்மேலும் ஒட்டுத்தாளை ஒட்டினார். பிறகு, நகத்தின் நுனியைத் திரையின்மேல் ஓட்டினார். நகம் தடையின்றி வழுக்கிச் சென்ற கீறல்கள் மேலோட்டமானவை. நகம் சிக்கிய கீறல் ஆழமானது. ஆழமான கீறல் ஒன்றே ஒன்று, குறுக்கே நீண்டு கிடந்தது.

மேலோட்டமான கீறல்களுக்கு வெண்ணிறப் பற்பசையே போதும். பல்லின் அழுக்கைத் தேய்க்க அதில் மென்பொடி கலந்திருக்கின்றது. மெல்லிய பருத்தித் துணியில் சிறிது பசையை எடுத்து, வட்டம் வட்டமாகத் தேய்க்குமாறு சிறுவனிடம் சொன்னார். அரைமணி நேரம் சென்றது. ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தபோது, சிலந்தி வலையிற் பாதி மறைந்திருந்தது. எஞ்சியவற்றின்மேல், மிக நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தனர். முதலில் 1500 எண்ணுடைய தாள். அடுத்து 2000 எண்ணுடைய தாள். எண் கூடக்கூடத் தாளின் சொரசொரப்புக் குறையும். முதல் தாளை நெடுக்காகத் தேய்த்தால், அடுத்ததைக் குறுக்காகத் தேய்க்கவேண்டும். அப்பொழுதுதான் முந்தைய கோடுகள் மறைந்தனவா என்பது தெரியும்.

இடையில் திரை முழுவதும் பனி மூடியதுபோல் வெளுத்துவிட்டது. “ஐயோ, கெட்டுப்போயிற்றே!” என்று சிறுவன் அலறினான். பாட்டனார் நகைத்தார். பித்தளைப் பாத்திரம் துலக்கும் மெருகுப் பசையை எடுத்து அவனிடம் நீட்டினார். தேய்க்கத் தேய்க்க மூடுபனி விலகியது.

இதன் காரணத்தை நியூட்டன் 1704-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒளியியல் நூலிலே விளக்கியுள்ளார். மெருகிடும் பொடி கீறல்களை ஒழிப்பதில்லை. பெரிய கீறல்களுக்கு ஈடாகச் சிறிய கீறல்களை இடுகின்றது. பொடி நுண்ணியதாக ஆக, கீறலும் நுண்ணியதாகும். முடிவில் அது கண்ணுக்குப் புலனாகாத அளவினதாகிவிடும். அந்நிலையையே நாம் மெருகு என்கிறோம்.

ஆழமான கீறல்மட்டும் அப்படியே இருந்தது. சிறுவன் அதன்மேல் உப்புத்தாளை வைத்து அழுத்தினான். பாட்டனார் அவன் கையைப் பற்றினார்.

“போதும், கண்ணா. தோலுக்குக் கண்ணாடி உருளையை அழுத்தி மெருகேற்றுவோம். மேற்பூச்சுப் படிந்து ஒளிரும். இங்கே அப்படியன்று; ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பொருள் சிறிது குறைகின்றது. கீறலை நாம் எடுப்பதில்லை. சுற்றியுள்ள இடத்தையே கீறலின் ஆழத்திற்குத் தாழ்த்துகின்றோம். இதனையும் போக்க முயன்றால் திரையிற் பள்ளம் விழும். உருவங்கள் கோணலாகத் தெரியும். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துவதும் தொழிலின் ஒரு பகுதியே.”

மறுநாட் காலை தந்தையார் வந்தார். மேசைமேல் இருந்த கருவியைக் கண்டு வியந்து, சன்னல் ஒளியிற் பிடித்துப் பார்த்தார். அவருடைய விரல் நேரே அந்த நீண்ட கீறலுக்குச் சென்றது.

“இஃது இன்னும் இருக்கிறதே! கருவி வந்த மூன்றாம் நாள், நண்பர்களுக்குக் காட்டவேண்டும் என்று ஓடினேன். இருப்புப்பாதையோரச் சல்லிக்கற்களின்மேல் விழுந்தேன். என் முழங்காலைவிட இதற்காகத்தான் மிகவும் அழுதேன்” என்று சொல்லி மகிழ்ந்தார். வேறொன்றும் அவர் கண்ணுக்குப் படவில்லை.

சிறுவன் பேசாதிருந்திருக்கலாம். பாட்டனாரும் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் தரையை நோக்கி நின்ற சிறுவன், “அப்பா, தங்களைக் கேளாமல் இதனை எடுத்தேன். நானும் கீறிவிட்டேன். தாத்தாவும் நானுமாகத் தேய்த்து அவற்றை மறைத்தோம்” என்றான்.

தந்தையார் மீண்டும் ஒருமுறை திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். எந்தக் கீறலையும் காணவில்லை. கருவியை மகன் கையிற் கொடுத்து, “இனி இதனை நீயே வைத்துக்கொள். துடைக்குமுன் தூசியை ஊதிவிடு” என்றார்.

பிறர் கண்ணுக்குப் புலனாகாதபடி மெருகிட்ட கீறலையும், இட்டவன் நெஞ்சம் அறியும். சிறுவன் அதனைத் தானே சொல்லினான். அதன்பின் அவன் நெஞ்சில் உறுத்தல் இல்லை.