மழைவழி நடப்போர்க்கு

மழையைக் குறிக்க அரபு மொழியில் சொற்கள் பல உண்டு. ‘மதர்’ என்பது பொதுச் சொல். ‘கைஸ்’ என்பது வாடிய நிலத்திற்கு உதவியாக இறங்கும் அருள்மழை. திருக்குர்ஆனில் ‘மதர்’ எனும் சொல் பெரும்பாலும் தண்டனையை ஒட்டியே வருகிறது என்பதை ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்ஜாஹிழ் எடுத்துக் காட்டியிருக்கிறார். இந்த ‘மதர்’ எனும் வேரினின்றே ‘மிம்தர்’ என்ற சொல் பிறந்தது. மழையிலிருந்து காத்துக்கொள்ள உடுத்தும் கம்பளி ஆடை என்று பழைய அகராதிகள் அதற்குப் பொருள் உரைக்கின்றன. மழை அரிதான நாட்டினரும் மழையாடைக்கெனத் தனிச் சொல் ஒன்றை வைத்திருந்தனர் என்பது எண்ணத்தக்கது.

நம் தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. நற்றிணையின் 142-ஆம் பாடலில் பால் விற்கும் இடையன் ஒருவன் வருகிறான். கார்காலத்தின் கடைசி நாள்; தூறல் விழுந்துகொண்டிருக்கிறது. உறியையும், தீக்கடை கோலையும், கருவிப் பையையும் தோலோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டி, பனையோலைப் பாயோடு முதுகில் இட்டிருக்கிறான். துளிகள் அவன் உடலின் ஒரு பக்கத்தை நனைக்கின்றன. அவனோ தன் கோலை ஊன்றி நின்று ஆடுகளை அழைக்கிறான். உடம்பு நனைந்தாலும் தீக்கோல் நனையக் கூடாது என்பது அவன் கணக்கு. மழையில் சுமையோடு நடப்பவன் அறிய வேண்டிய முதற் பாடம் இதுவே என்பது நம் கருத்து.

நாம் வாழும் குந்தாரப்பள்ளியில் வெள்ளிதோறும் கூடும் சந்தைக்கு ஆடு மாடுகளோடு வருவோர் இன்றும் இப்பாடத்தை மறக்கவில்லை. உரச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்த கொங்காணியோடு அவர்கள் வருவதைக் காண்கிறோம். இப்பக்கத்துக் குறும்பர்கள் நெய்யும் கறுப்புக் கம்பளியைப் போர்த்தியவர்களும் உண்டு. கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெம்மை தரும். ஆயின் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். ஆட்டின் பின்னே நடப்பவனுக்கு அது போதும். நாற்பது நாட்கள் முதுகில் சுமையோடு நடப்பவனுக்குப் போதுமா?

இக்கேள்வி சென்ற ஆண்டு நம் வீட்டுக்கே வந்தது. ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றும் நம் தம்பி மகன், கால்நடையாகச் செல்லும் ஜமாஅத் ஒன்றில் நாற்பது நாட்களுக்குப் பெயர் கொடுத்திருந்தான். ஐப்பசி மாதம், குழுவில் ஒன்பது பேர், அவர்களுள் இருவர் அறுபதைக் கடந்தவர்கள். கிருஷ்ணகிரியில் புறப்பட்டு, சூளகிரி, ஓசூர் வழியாகத் தளி வரை, பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் தங்கி, படுக்கையையும் பாத்திரத்தையும் சுமந்து நடப்பது என்பது ஏற்பாடு. “பெரியத்தா, பதினைந்தாயிரத்துக்கு ஒரு மழைச்சட்டை பார்த்து வைத்திருக்கிறேன். தண்ணீர் உள்ளே வராதாம், வியர்வை வெளியே போய்விடுமாம். வாங்கலாமா?” என்று அவன் கேட்டான்.

விடை கூறுமுன் அச்சட்டையின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1823-இல் சார்லஸ் மேகிண்டாஷ் என்பார் இரு துணிகளுக்கிடையே ரப்பரைப் பூசி மழை புகாத துணிக்கு உரிமம் பெற்றார். நம் நாட்டில் 1920-இல் சுரேந்திர மோகன் போஸ் தொடங்கிய வங்காள வாட்டர்புரூப் நிறுவனத்தின் ‘டக்பேக்’ மழைச்சட்டையை அறியாத பழைய குடும்பங்கள் குறைவு. இவை மழையைத் தடுத்தன. ஆயின் வியர்வையையும் உள்ளேயே சிறைப்படுத்தின. 1969-இல் ராபர்ட் கோர் என்பார் ஒருவகைப் பிளாஸ்டிக்கைச் சடுதியில் இழுத்து நீட்டி, நுண்துளைகள் நிறைந்த மென்படலமாக்கினார். நீர்த்துளி அத்துளையினுள் புக இயலாது. நீராவி வெளியேற இயலும். கோர்-டெக்ஸ் எனும் துணி இவ்வாறே தோன்றியது.

அறிவியல் மெய்தான். ஆயினும் நீராவி வெளியேற வேண்டுமானால் உட்புறம் வெம்மையும் ஈரமும் மிகுந்தும், வெளிப்புறம் குளிர்ந்து வறண்டும் இருத்தல் வேண்டும். பனி நாட்டில் இது எளிது. நம் மழையிலோ வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. பத்துக் கிலோ சுமையோடு ஏற்றத்தில் நடப்பவன் உடம்பினின்று ஊறும் வியர்வையை அத்துளைகள் முழுவதும் வெளியேற்ற மாட்டா. மேற்பூச்சு தேய்ந்து துணியின் வெளிமுகம் நனைந்துவிட்டால் அச்சிறு வழியும் அடைபடும். இருசக்கர வண்டியில் செல்வோர்க்கு விற்கப்படும் தடித்த கோட்டும் கால்சட்டையும் இதனினும் ஆகாதவை. வண்டியில் அமர்ந்திருப்பவனுக்கு வியர்ப்பதில்லை; நடப்பவனுக்கு வியர்க்கும்.

தையல் விஷயம் ஒன்றுண்டு. உளூவின்போது மஸஹ் செய்வதற்குரிய ‘குஃப்’ எனும் காலுறை தண்ணீரைத் தடுக்க வேண்டும் என்று நிபந்தனை கூறும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள், தைத்த துளைகளின் வழியே புகும் நீருக்கு மட்டும் விலக்களிக்கின்றன. ஊசி சென்ற இடத்தில் நீரும் செல்லும் என்பதை ஃபுகஹாக்கள் கண்டறிந்திருந்தனர். காலுறைக்கு விலக்குண்டு, மழைச்சட்டைக்கு இல்லை. எனவே வாங்குமுன் சட்டையின் உட்புறத்தைத் திருப்பி, தையல் மீதெல்லாம் பட்டை ஒட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள். சுமைப்பையின் வார் தோளை அழுத்துமிடத்தில் நீரும் அழுத்தத்தோடு உட்புகும் என்பதால், தோட்பகுதியில் தையலே இல்லாத ஆடை மேலானது.

இவற்றையெல்லாம் எண்ணி, மனிதனையும் முதுகுப் பையையும் ஒருங்கே மூடும் ‘போஞ்சோ’ எனும் தலைவழிப் போர்வையை நாம் தேர்ந்தோம். வார்கள் அதன் அடியில் அடங்குவதால் தோளில் கசிவு இல்லை. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று உலவி வியர்வை ஆறும். இரவில் விரிப்பின் அடியில் இட்டால் தரையின் ஈரத்தைத் தடுக்கும். காற்றில் பறக்கும் என்பது அதன் குறை. இடுப்பில் ஒரு கயிறு கட்டினால் அது பெரிதும் தீரும். காற்று ஓயாது வீசும் மலை முகடுகளில் ஏறுவோர்க்கு மட்டும் சட்டையே தக்கது. அடங்கிய தூறலில் பழைய குடை யாவற்றினும் நன்று.

பைக்கு மேலுறை வாங்குவதோடு நின்றுவிடலாகாது. முதுகுக்கும் பைக்கும் இடையே வழியும் நீரை மேலுறை தடுக்காது. பையின் உள்ளே தடித்த பாலிதீன் உறை ஒன்றை இட்டு, அதனுள் விரிப்பையும், மாற்றுடையையும், கிதாபுகளையும் வைத்து, வாயை முறுக்கிக் கட்ட வேண்டும். அந்த மாற்றுடையை எம்மழையிலும் வழியில் எடுத்து உடுத்தலாகாது; அது தங்குமிடத்திற்கு உரியது. நனைந்த ஆடை உடலோடு ஒட்டி அங்கங்களைக் காட்டும் என்பதால் தொழுகைக்கும் அதுவே துணை. நடக்கும்போது பருத்தியைத் தவிர்ப்பது நலம். ஈரப் பருத்தி எளிதில் உலராது, உடல் வெம்மையை உறிஞ்சிவிடும். தெருச் சேறு தெறித்த ஆடையைப் பற்றி மனம் குழம்ப வேண்டா. தவிர்க்க இயலாத அளவு மன்னிக்கப்பட்டது என்றே ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன.

நிறத்தை நாம் வற்புறுத்திக் கூறினோம். நம் ஊரை ஊடறுத்துச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவும் பகலும் சரக்கு வாகனங்கள் ஓய்வதில்லை. மழை மாலையில் கறுப்புப் போர்வையோடு ஓரமாக நடப்பவன் ஓட்டுநரின் கண்ணுக்குச் சாலையோடு சாலையாகவே தோன்றுவான். நாம் அறிந்த ஒரு வியாபாரி, சந்தை முடிந்து கருநிறக் கோட்டோடு வீடு திரும்புகையில், மஃரிபு நேரத்தில் இவ்வாறே உயிரிழந்தார். நனைந்தவன் உலர்ந்துகொள்வான், அடிபட்டவன் எழுவதில்லை. ஆகவே மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமே வேண்டும். முதுகுப் பக்கம் ஒளி மீட்டும் பட்டையும் வேண்டும்.

தம்பி மகன் கணக்கிட்டுப் பார்த்தான். ஒரு சட்டையின் விலைக்கு ஒன்பது பேருக்கும் மஞ்சள் போஞ்சோவும் பாலிதீன் உறையும் வாங்கி, மீதமும் இருந்தது. “நான் மட்டும் நனையாமல் போய் என்ன செய்வது, பெரியத்தா?” என்று அவனே கூறினான். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலிருக்கும் ஓசூரை அவர்கள் நெருங்கிய நாளில் மழையும் வாடையும் சேர்ந்து பிடித்தன. பெரியவர் ஒருவருக்கு நடுக்கம் கண்டது, பேச்சும் குழறியது. அருகிலிருந்த பள்ளியில் நுழைந்து, ஈர உடையைக் களைந்து, பையினுள்ளிருந்த உலர்ந்த கைலியையும் கம்பளியையும் போர்த்தி, சூடான தேநீர் கொடுத்தனர். இஷாவுக்குள் அவர் தேறினார். அன்று அவரைக் காத்தது மேலே அணிந்திருந்ததன்று, உள்ளே உலர்ந்திருந்தது.

எவ்வாடையும் வெல்ல இயலாத மழையும் உண்டு. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2-ஆம் நாள் காலை முடிந்த ஒரே நாளில், நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. அத்தகைய நாளில் நடப்பது வீரமாகாது. குளிரும் மழையுமான இரவில், இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் செய்தவர்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். போர்க்களத் தொழுகையைப் பற்றிய அந்நிஸா அத்தியாயத்தின் 102-ஆம் வசனமும், மழையால் தொல்லை நேரின் ஆயுதங்களைக் கீழே வைக்க இசைவளித்து, எச்சரிக்கையை மட்டும் கைவிடாதிருக்கப் பணிக்கிறது. பாரத்தை இறக்கலாம், விழிப்பை இறக்கலாகாது.

எல்லாம் வல்ல அல்லாஹ், வழிநடப்போர் மீது இறங்கும் மழையைக் கைஸாகவே ஆக்கி அருள்வானாக! ஆமீன்.