திறவுகோல் யாரிடம்?

கண்கலங்கி வந்து நின்றாள், நம்மிடம் தமிழ் பயிலும் பதினோராம் வகுப்பு மாணவி. நீட்டினாள் கைபேசியை. "ஐயா, நான் எழுதியதை அழித்துவிட்டார்கள்!"

என்ன எழுதினாள்? பேருந்து நிலையத்தில் ஒருவன் சாதிப் பெயர் சொல்லி அவளை இழித்துரைத்தான். அவன் உமிழ்ந்த சொல்லை அப்படியே எடுத்துக்காட்டி, இது முறையா என்று ஊரைக் கேட்டிருந்தாள். வெறுப்புரை என்று நீக்கிவிட்டது நிறுவனம்! அவனுடைய கூட்டாளிகள், அதே சொல்லை ஓரெழுத்துத் திரித்து அவளை ஏசினரே, அந்த ஏச்சு மட்டும் அழியாமல் நின்றது. சொல்லைப் பிடிக்கத் தெரிந்த பொறிக்கு, அடித்தவன் யார், அழுதவள் யார் என்று பார்க்கத் தெரியவில்லை. மறுபரிசீலனை கோரினோம். மறுத்து ஒரு வரி வந்தது. விளக்கம் இல்லை, ஒப்பமிட்டவர் பெயருமில்லை.

சினந்தோம்; வியக்கவில்லை. 2019-இல் உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை முடக்கியது, இன்று எக்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்ட ட்விட்டர். அவர் வைத்திருந்த படம் எது? 1936-இல், ஹாம்பர்க் கப்பல் தளத்தில், கூட்டமே நாஜி வணக்கம் செலுத்த, கைகட்டி நின்ற ஒரு தொழிலாளியின் படம். இட்லரை வணங்க மறுத்தவன் படம், வெறுப்புப் படமாம்! பின்னர், தூக்குத் தண்டனைக்கு எதிராக இந்திக் கவிஞர் கோரக் பாண்டே எழுதிய கவிதையைப் பகிர்ந்ததும் குற்றமாயிற்று.

அரசு தலையிட்டால் தீருமோ? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு பலரைச் சிறைக்கு அனுப்பிய பிறகே, 2015-இல் உச்சநீதிமன்றம் அதை நீக்கியது. 2023 முதல் நிறுவனத்தின் முடிவை எதிர்த்து முறையிடக் குழுக்கள் உண்டு; அவற்றை அமர்த்துவதோ ஒன்றிய அரசு! முதலாளியின் பையிலிருந்த திறவுகோல் ஆள்வோர் பைக்கு மாறினால், வெளியே நிற்பவனுக்கு என்ன ஆதாயம்?

வேறொரு வழி உண்டு. ஜெர்மனியின் ஆய்கன் ரோக்கோ 2016-இல் உருவாக்கிய மாஸ்டடானுக்கு ஒரே உரிமையாளர் இல்லை. எவரும் அதன் நிரலை எடுத்துத் தம் வழங்கியில் நடத்தலாம். மின்னஞ்சல்போல் ஒன்றோடொன்று பேசும். ஹெக்டே முடக்கப்பட்டதும் இந்தியர் பலர் அங்கே குடிபெயர்ந்தனர்.

கயவர் வரமாட்டாரோ? வந்தார்களே! இனவெறியர் கூடாரமான காப், 2019 சூலையில் அதே நிரலைக் கைக்கொண்டது. தடுக்க எவராலும் இயலவில்லை. ஆனால் வழங்கி நடத்துவோர் பலர், காபோடு தொடர்பை அறுத்துக்கொண்டனர். அது தன் வீட்டில் கத்தட்டும், எங்கள் முற்றத்தில் வேண்டாம் என்றனர். இந்த ஏற்பாடு நமக்குப் பிடித்திருக்கிறது. ஊருக்கொரு நாட்டாண்மை முளைக்கும் இடரும் அதில் உண்டு. எனினும், ஒரு நாட்டாண்மை கசந்தால் அடுத்த ஊருக்குப் போகலாம், பின்தொடர்வோரையும் உடன் அழைத்துக்கொண்டு.

மாணவிக்கு அங்கே ஒரு கணக்குத் தொடங்க உதவினோம். நிகழ்ந்ததை முழுமையாக எழுதினாள். எவரும் அழிக்கவில்லை. மூன்று பேர் படித்தனர். அவர்களுள் ஒருவர் நாம்.

"பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும் பழைய இடத்தில்தானே ஐயா இருக்கிறார்கள்?" என்றாள். அங்கும் மீண்டும் எழுத அமர்ந்தாள். அந்தச் சொல் வரும் இடத்தில் விரல் நின்றது.

"எத்தனை புள்ளி வைக்கட்டும், ஐயா?"