இரும்புக்கையை வரைந்த கை

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்த யாரிடமும் இரும்புக்கை மாயாவியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், வலது கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் என்று கண்கள் விரியச் சொல்வார்கள். நிழற்படையின் உளவாளி என்பதும், சொந்தப் பெயர் லூயிஸ் கிராண்டேல் என்பதும் பலருக்கு இன்றும் மறக்கவில்லை. எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்று அடுத்த கேள்வியைப் போட்டால் பேச்சு நின்றுவிடும்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. முதல் இதழின் தலைப்பே ‘இரும்புக்கை மாயாவி’தான். பிறகு ‘பாம்புத் தீவு’, ‘உறைபனி மர்மம்’, ‘கொள்ளைக்காரப் பிசாசு’ என்று வரிசையாக வந்தன. கைக்கு அடக்கமான கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள். பெட்டிக்கடையில் தொங்கி, பள்ளிக்கூடப் பைக்குள் ஒளிந்து, அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கைமாறி, அட்டை போன பிறகும் படிக்கப்பட்டவை. எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தன.

புத்தகம் சிபாரிசு செய்வது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கிராபிக் நாவல் என்றாலே தயங்குகிறவர்களுக்கும், அறிவியல் புனைகதை நமக்கு ஒத்துவராது என்பவர்களுக்கும் முதலில் மாயாவியைத்தான் நீட்டுவேன். ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நாவலைச் சிபாரிசு செய்யும்போது ஆசிரியர் பெயரைத்தான் சொல்கிறோம். அசோகமித்திரனைப் படி, கி.ரா.வைப் படி என்கிறோம். பிடித்துப்போனவர்கள் அந்தப் பெயரின் வழியே அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவார்கள். மாயாவியைப் படித்து முடித்தவருக்கு அப்படி ஒரு வழி கிடையாது. இன்னொரு மாயாவி கதை உண்டு, அவ்வளவுதான். அதைப் படைத்தவர்கள் வேறு என்ன செய்தார்கள், யாரிடம் கற்றார்கள் என்று போக முடியாத முட்டுச்சந்து அது. அதனால்தான் தேடத் தொடங்கினேன்.

பழைய பிரதிகளில் எதுவும் அகப்படவில்லை. கட்டங்களின் மூலைகளை லென்ஸ் வைத்துப் பார்த்தும் ஒரு கையொப்பம்கூடக் கிடைக்கவில்லை. ஆங்கில மூலத்துக்குப் போனால்தான் ஆகும் என்று புரிந்தது. லண்டனின் டைட்டன் பதிப்பகம் 2005இல் ‘தி ஸ்டீல் க்ளா’ கதைகளின் தொகுப்பு ஒன்றைக் கெட்டி அட்டையில் வெளியிட்டிருந்தது. அது கைக்கு வந்த பிறகுதான் பெயர்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின.

மாயாவி பிறந்தது லண்டனில், ஃப்ளீட்வே நிறுவனத்தின் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழில். 1962 அக்டோபர் 6 தேதியிட்ட முதல் இதழிலேயே அவர் இருக்கிறார். தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் பல்மர். பிறகு டாம் டல்லி என்பவர் நீண்ட காலம் எழுதினார். பெரும்பாலான பக்கங்களை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹேசுஸ் பிளாஸ்கோ. அந்த இதழ்களில் இவர்கள் யாருடைய பெயரும் அச்சாகவில்லை. அன்றைய பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களின் பொது வழக்கம் அது. பக்கமும் பாத்திரமும் நிறுவனத்தின் சொத்து. ஓவியர் ஓரமாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அச்சுக்குப் போகுமுன் வெள்ளை மை பூசி மறைத்துவிடுவார்கள். 1977இல் ‘2000 ஏடி’ இதழ் வந்து, அங்கே கலைப் பிரிவில் இருந்த கெவின் ஓ’நீல் படைப்பாளிகளின் பெயரைக் கதையோடு சேர்த்து அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவரும் வரை நிலைமை இதுதான். லண்டனிலேயே அழிக்கப்பட்ட பெயர் சிவகாசிக்கு எப்படி வந்து சேர்ந்திருக்கும்? நம் பதிப்பாளர்களைக் குறை சொல்ல இதில் இடமே இல்லை.

கென் பல்மர் யாரென்று பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. சிறுவர் கதைக்குக் கூலிக்கு எழுதிய யாரோ ஒருவர் இல்லை அவர். 1921இல் லண்டனில் பிறந்தவர், பிரிட்டனின் அறிவியல் புனைகதை வாசகர் இயக்கத்தில் இளம் வயதிலேயே இருந்தவர். நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார், பலவும் புனைபெயர்களில். ஜான் கார்னெலுக்குப் பிறகு ‘நியூ ரைட்டிங்ஸ் இன் எஸ்எஃப்’ என்ற முக்கியமான தொகுப்பு வரிசையின் ஆசிரியராக இருந்தவர். மாயாவி தமிழுக்கு வந்த அதே 1972இல், ஆலன் பர்ட் ஏக்கர்ஸ் என்ற புனைபெயரில் அவருடைய ‘ட்ரே பிரெஸ்காட்’ விண்வெளி சாகச வரிசையின் முதல் நாவல் அமெரிக்காவில் வெளியானது. அங்கே வேறு பெயரில், சிவகாசியில் பெயரே இல்லாமல், ஒரே எழுத்தாளரின் கற்பனை ஒரே ஆண்டில் இரண்டு கண்டங்களில் புது வாசகர்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாம் காமிக்ஸ் என்று ஒதுக்கிவைத்ததை எழுதியவர் முழுநேர அறிவியல் புனைகதைக்காரர். இது தெரிந்த பிறகு மாயாவியை நான் வேறு கண்ணோடு படித்தேன்.

அப்படிப் படிக்கும்போது பின்னால் எச்.ஜி. வெல்ஸ் நிற்பது தெளிவாகத் தெரிகிறது. 1897இல் வந்த ‘தி இன்விசிபிள் மேன்’ நாவலின் கிரிஃபின் ஒரு விஞ்ஞானி. உடலைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிக்கொண்டதும் அவனுடைய மனம் கெட்டுப்போகிறது. பயத்தால் ஊரை ஆளலாம் என்று திட்டமிடுகிறான். கிராண்டேலும் முதலில் அந்த வழியில்தான் போகிறான். அவன் பேராசிரியர் பாரிங்கரின் உதவியாளன். ஓர் ஆய்வுக்கூட விபத்தில் ஏற்கெனவே கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் மின்சாரம் தாக்கி உடல் மறைகிறது. மறைந்த கணத்திலிருந்து அவன் குற்றவாளி. நிழற்படையின் நாயகனாகவே அவரை அறிந்த தமிழ் வாசகர்கள் இந்தத் தொடக்கத்தைப் படித்தால் அதிர்ந்துபோவார்கள். யாரும் பார்க்கவில்லை என்றால் மனிதன் யோக்கியனாக இருப்பானா என்பது பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில், கைஜஸின் மோதிரக் கதை வழியாக எழுப்பிய கேள்வி. அதே கேள்வி 1962இல் பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகளின் வார இதழில் இரண்டு மூன்று பக்கத் தவணைகளில் ஓடியிருக்கிறது.

வெல்ஸிடம் இல்லாத ஒன்று பல்மரிடம் இருக்கிறது. இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த முக்கியமான புரிதல் அதுதான். வெல்ஸ் உரைநடையில் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத மனிதனைச் சொற்களால் காட்டுவது அவருக்குச் சிரமமில்லை. கிரிஃபின் ஆடையில்லாமல் குளிரில் நடுங்குகிறான், அவன் விழுங்கிய உணவு செரிக்கும்வரை வெளியே தெரிகிறது, பனியில் காலடி விழுகிறது. காமிக்ஸில் சிக்கல் வேறு. நாயகன் மறைந்துவிட்டால் ஓவியர் எதை வரைவது? கட்டம் முழுக்க வெறும் அறைதான் இருக்கும். மறையாத எஃகுக் கை அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. அதுவே கதைக்கு ஆபத்தையும் கொண்டுவருகிறது. எவ்வளவு சாமர்த்தியமாக ஒளிந்தாலும் கை காட்டிக்கொடுத்துவிடும். மறைவதற்கு மின்சாரம் வேண்டும், அதற்கு ஒரு பிளக்கோ அறுந்த ஒயரோ அகப்பட வேண்டும். மறைந்தாலும் சற்று நேரத்தில் உருவம் திரும்பிவிடும். வரைவதற்கு ஒரு பொருள், கதைக்கு ஒரு பலவீனம், வாசகனுக்கு ஒரு பதைப்பு என எல்லாம் அந்த ஒரு கையில் இருக்கிறது. படமும் சொல்லும் சேர்ந்தால்தான் சில கற்பனைகள் உயிரோடு எழும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கிராபிக் நாவல் எதற்கு, எழுத்திலேயே சொல்லிவிடலாமே என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் இந்தக் கையைத்தான் காட்டுகிறேன்.

அந்தக் கையை வரைந்த பிளாஸ்கோவுக்கு வருவோம். 1919இல் பிறந்தவர், பதின்வயதிலேயே அச்சில் வந்துவிட்டவர். 1940களில் ‘சிகோஸ்’ இதழில் அவர் வரைந்த ‘கூட்டோ’ என்ற சிறுவனின் சாகசங்களை உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஸ்பெயினின் பிள்ளைகள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். அப்படிப்பட்டவர் லண்டனுக்குப் பெயரில்லாமல் வரைய நேர்ந்தது ஏன்? ஐம்பதுகளில் பிரிட்டனில் வார இதழ்களும் சிறு காமிக்ஸ் நூல்களும் பெருகி, உள்ளூர் ஓவியர்களால் ஈடுகொடுக்க முடியாத நிலை வந்தது. பிராங்கோ ஆட்சியின் ஸ்பெயினில் ஓவியர்கள் ஏராளம், கூலி சொற்பம். லண்டன் பவுண்டில் கொடுத்த சாதாரணச் சம்பளம் பார்சிலோனாவில் நல்ல பணம். இடையில் முகவர் நிறுவனங்கள் முளைத்தன. ஜோசப் டூட்டைனின் ‘செலெக்சியோனெஸ் இலுஸ்த்ராதாஸ்’ அவற்றில் பெயர்பெற்றது. ஆங்கிலக் கதை எழுத்தில் போகும், வரைந்த பக்கங்கள் தபாலில் திரும்பும். பிளாஸ்கோவின் வீட்டில் உடன்பிறந்தவர்களும் ஓவியர்கள். சகோதரர்கள் அவருடைய பக்கங்களுக்கு உதவியிருக்கிறார்கள். பெயரில்லாத ஒரு கைக்குப் பின்னால் ஒரு குடும்பமே உட்கார்ந்து உழைத்திருக்கிறது என்று அறிந்தபோது மனம் கனத்தது.

‘கூட்டோ’ பக்கங்கள் சிலவற்றையும் மாயாவியின் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தூரிகையால் அடித்த அடர்ந்த கறுப்பு, அமெரிக்க ஓவியர் மில்டன் கானிஃபைப் படித்தவர்களிடம் வரும் அந்தக் கறுப்பு, இரண்டிலும் இருக்கிறது. மாயாவியில் அது முதிர்ந்திருக்கிறது. நனைந்த தெரு, கோட்டின் மடிப்பு, ஆய்வுக்கூடக் கருவிகள் எல்லாம் புகைப்படம் போல நிஜமாக இருக்கும். அந்த நிஜத்தின் நடுவே ஒரு கை மட்டும் மிதந்து தொலைபேசியை எடுக்கும். சுற்றியுள்ள எல்லாவற்றையும் அவ்வளவு நம்பும்படி வரைந்ததால்தான் அந்தக் கையையும் நாம் நம்பினோம். கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் பார்வையும் கை இருக்கும் திசையிலேயே குவிந்திருப்பதையும் பாருங்கள். உடல் இல்லாத இடத்தில் உடல் இருப்பதாக அந்தப் பார்வைகள்தான் நமக்குச் சொல்கின்றன.

மாயாவியின் எல்லாக் கதைகளும் இந்தத் தரத்தில் இல்லை. 1967, 68இல் ஃப்ளீட்வே 132 பக்கங்களில் சிறிய அளவுப் புத்தகங்களாக ‘சூப்பர் லைப்ரரி’ வெளியிட்டது. அதிலும் மாயாவி உண்டு, வரைந்தவர்களில் வேறு ஆட்களும் உண்டு. வார இதழிலும் ஒரு கட்டத்தில் அவருக்கு சூப்பர் ஹீரோ உடை மாட்டிவிட்டார்கள். அவை எனக்கு ருசிக்கவில்லை. கோட்டும் தொப்பியுமாக, பிளக் பாயின்ட்டைத் தேடி அலையும் பழைய கிராண்டேலே என் மாயாவி.

அதே சூப்பர் லைப்ரரியில் மாயாவிக்குப் பக்கத்திலேயே ஸ்பைடரும் இருக்கிறார். லயன் காமிக்ஸ் வழியாக எண்பதுகளில் நமக்கு அறிமுகமான, கூர்மையான காதும் வலைத்துப்பாக்கியும் கொண்ட அந்தக் குற்றச் சக்கரவர்த்தி. 1965இல் அவரைத் தொடங்கியவர்கள் எழுத்தாளர் டெட் கோவனும் ஓவியர் ரெஜ் பன்னும். சீக்கிரமே எழுத்துப் பொறுப்பு ஜெர்ரி சீகலுக்குப் போனது. ஆம், ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். 1938இல் 130 டாலருக்கு சூப்பர்மேனின் உரிமையை விற்றுவிட்டு, பின்னால் அந்தப் பாத்திரத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர். அறுபதுகளில் அட்லாண்டிக்கைக் கடந்து ஒரு பிரிட்டிஷ் வார இதழுக்குப் பெயர் அச்சாகாமல் எழுதியிருக்கிறார். சூப்பர்மேன் கதைகளில் படைத்தவர்களாக அவரையும் ஷஸ்டரையும் மறுபடி குறிப்பிட நிறுவனம் ஒப்புக்கொண்டது 1975இல்தான். சூப்பர்மேனை எழுதிய கை எழுதிய வசனங்களைத்தான் நம் ஊர்ப் பையன்கள் தமிழில் ஒப்பித்துத் திரிந்தார்கள். இதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

பெயர்கள் கிடைத்ததும் சிபாரிசுகளுக்கு வழி திறந்துவிட்டது. மாயாவி பிடித்த ஒருவருக்கு அடுத்து வெல்ஸைக் கொடுக்கிறேன், தொடக்கத்திலேயே கிரிஃபினையும் கிராண்டேலையும் ஒப்பிடச் சொல்லி. எழுத்தில் நாட்டம் உள்ளவர்களுக்குப் பல்மரின் ட்ரே பிரெஸ்காட். படத்தில் நின்றுபோகிறவர்களுக்குப் பிளாஸ்கோவின் பிற்காலம். ‘2000 ஏடி’யின் முதல் இதழில் வந்த ‘இன்வேஷன்’ தொடரின் முதல் அத்தியாயம் அவர் வரைந்தது. இத்தாலியின் டெக்ஸ் வில்லர் கதைகளையும் வரைந்திருக்கிறார். டெக்ஸைத் தமிழில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிறோம், மாயாவியை வரைந்தவரும் அந்த வரிசையில் இருக்கிறார் என்று சொன்னால் பழைய வாசகர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இதற்குப் பிறகு மர்ஜான் சத்ரபியின் ‘பெர்செபொலிஸ்’ கிராபிக் நாவலைக் கொடுத்தால் யாரும் தயங்குவதில்லை. கறுப்பும் வெள்ளையும் மட்டுமே வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க அதற்குள் கண் பழகிவிடுகிறது.

பிளாஸ்கோ 1995இல் காலமானார், பல்மர் 2005இல். ஃப்ளீட்வேயின் பழைய காமிக்ஸ் உரிமைகளை ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெலியன் நிறுவனம் வாங்கி மறுபதிப்புகள் கொண்டுவருகிறது. மாயாவியின் தொடக்கக் கதைகளும் அவற்றில் உண்டு. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் அதை வாங்கிப் பழைய முத்து காமிக்ஸ் பிரதியோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். தமிழில் இனி வரும் மாயாவி மறுபதிப்புகளின் முதல் பக்கத்தில் கென் பல்மர், டாம் டல்லி, ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற மூன்று பெயர்களையும் அச்சிட வேண்டும் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.