உப்பில்லாத ரொட்டி

இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், குடும்பத்தார் நடத்தும் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஒருவேளை உண்டு பாருங்கள். 'டிராட்டோரியா' என்று அதைச் சொல்வார்கள்.

நானும் என் துணைவியாரும் சென்ற கடையில் தாயார் சமைத்தார், மகன் பரிமாறினார். முதலில் வந்த ரொட்டியில் உப்பே இல்லை. "போட மறந்துவிட்டார்கள்" என்று முணுமுணுத்தேன். பிறகுதான் தெரிந்தது, டஸ்கனி வட்டாரத்து ரொட்டியே அப்படித்தான் என்று. உப்பு ஏறிய இறைச்சியோடு அதைத் தின்பார்கள்.

அடுத்து வந்தது 'ரிபொல்லீட்டா'. பழைய ரொட்டி, வெள்ளை அவரை, கரும்பச்சைக் கோஸ் இலை சேர்த்து மறுபடியும் கொதிக்க வைத்த கெட்டிச் சூப். ஏழை உழவர்கள் மிச்சத்தை வீணாக்காமல் ஆக்கிய உணவு. "நம் வீட்டுச் சுண்டக்கறி போலல்லவா இருக்கிறது!" என்று துணைவியார் மகிழ்ந்து போனார்.

பக்கத்து மேசையிலோ வாக்குவாதம். வெளியூர் இளந்தம்பதியர் மாட்டிறைச்சி வறுவல் கேட்டிருந்தனர். பட்டியலில் கண்ட விலை 100 கிராமுக்கு. வந்த துண்டோ 1 கிலோவுக்கு மேல். போதாததற்கு 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு ஒரு மேசைக் கட்டணம். அந்தப் பெண் பணப்பையைத் திறந்து எண்ணியபோது கண் கலங்கிவிட்டாள். இரண்டுமே அங்கு வழக்கம்தான். பட்டியலிலும் சிறிய எழுத்தில் இருந்தது. ஆயினும் அந்த மகன் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒரே கூரையின் கீழ் எங்களுக்கு விருந்து, அவர்களுக்கு வேதனை. ஆகவே, அயலூர் சென்றால், விலை தட்டுக்கா எடைக்கா என்று முதலில் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. நானும் அன்று முதல்தான் கேட்கத் தொடங்கினேன்.