வெடிமருந்தும் மண்டையிடியும்

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வலியைக் காட்டிலும் பெரிய துன்பம் ஒன்று உண்டு. அவர்களை யாரும் நம்புவதில்லை. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். கால் ஒடிந்தால் கட்டுப் போடலாம். இதற்கோ வாடிய முகத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இருபது வருஷமாக எனக்கு இந்த வலி உண்டு. "கதை எழுதச் சோம்பல், அதற்குத் தலைவலி என்று ஒரு பெயர்" என்பார் என் மைத்துனர். நல்ல மனிதர்தான்; தலைவலியே அறியாதவர்.

அவருக்காக நான் தேடிப் பிடித்த சாட்சி, வெடிமருந்து!

1847-இல் இத்தாலியில், டூரின் நகரத்து ரசாயனப் பேராசிரியர் சொப்ரேரோ, நைட்ரோகிளிசரின் என்ற திரவத்தைத் தயாரித்தார். அக்காலத்து வழக்கப்படி அதைச் சிறிது நாவில் வைத்துப் பார்த்தார். பொறுக்க முடியாத மண்டையிடி வந்துவிட்டது. பிற்பாடு அதே திரவத்தைக் கொண்டு ஆல்பிரட் நோபல் டைனமைட் செய்தார். அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு நாலைந்து நாளில் திரவம் பழகிவிடும். ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வந்தால் மறுபடியும் மண்டையைப் பிளக்கும். (திங்கட்கிழமைத் தலைவலியை நம் ஊர் மானேஜர் எவராவது நம்புவாரா?)

காரணத்தை 1977-இல் ஃபெரித் முராட் என்பவர் கண்டார். உடம்புக்குள் போன நைட்ரோகிளிசரின், நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவை வெளிவிடுகிறது. அது ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது. நம் உடம்பே இந்த வாயுவைத் தயாரித்துக்கொள்ளவும் செய்கிறது. இந்த ஆராய்ச்சிக்காக 1998-இல் முராட் உள்பட மூவருக்குப் பரிசு கிடைத்தது. நோபல் பரிசேதான்!

ஆனால் என்னை உட்கார வைத்து யோசிக்கச் செய்தது டென்மார்க்கில் யெஸ் ஓலெசன் குழுவினர் செய்த சோதனை. நைட்ரோகிளிசரினை நரம்பு வழியாக ஏற்றினார்கள். உடனே ஒரு லேசான தலைவலி. அது எல்லோருக்கும் பொது. மற்றவர்களுக்கு அத்தோடு சரி. ஒற்றைத் தலைவலிக்காரர்களிலோ பலருக்குச் சில மணி நேரம் சென்று, மருந்து ரத்தத்தைவிட்டு அகன்ற பிறகு, அசல் வலி வந்தது. குமட்டலோடு, வெளிச்சம் கண்ணைக் குத்த, விண் விண்ணென்று! வாயு போய்விட்டது, அது பற்றவைத்த திரி மட்டும் உள்ளே புகைந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தத் திரி என் தலையில் இருக்கிறது, மைத்துனர் தலையில் இல்லை.

வாயுவைத் தடுத்தால்? 1997-இல் அதையும் பார்த்தார்கள். தடுப்பு மருந்து பெற்ற 15 பேரில் 10 பேருக்கு வலி தணிந்தது. ஆனால் ரத்தக் குழாய்களுக்கெல்லாம் வேண்டிய வாயு அல்லவா? அதைத் தடுத்ததும் ரத்த அழுத்தம் ஏறியது. ஆகவே அந்த மருந்து ஒற்றைத் தலைவலிக்கென்று கடைக்கு வரவில்லை. எனக்கு இன்னமும் சுக்குப் பத்துத்தான்.