பச்சைக் கம்பி

சகோதரிகளே, உங்கள் வீட்டு ஸ்நான அறையில் வெந்நீர் ஹீட்டர் இருக்கிறதா? அப்படியானால் இதைக் கொஞ்சம் கேளுங்கள்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஹீட்டர் சென்ற மாதம் ஒழுக ஆரம்பித்தது. "எங்கள் காலத்துத் தாமிர பாய்லர் இப்படி ஒழுகியதுண்டா?" என்று மாமியார் பெருமூச்சு விட்டார். கரிப் புகையில் கண்ணைக் கசக்கியதை மட்டும் மறந்துவிட்டார்!

புதியதை மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் பழையதைத் திறந்து காட்டினார். சூடேற்றும் சுருளைச் சுற்றி வெள்ளை வெளேரென்று உப்புப் பாறை! காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்துவிட்டது; ஆனால் எங்கள் வீட்டில் குளிக்க இன்னமும் உவர்ப்பான போர் தண்ணீர்தான்.

"உள்ளே மெக்னீசியத் தண்டு ஒண்ணு இருக்கும்மா. தொட்டிக்குப் பதிலா அது கரையும். தீர்ந்ததும் மாத்தணும்" என்றார்.

பிறகு பிளக் பாயின்டைக் கழற்றியவர் திகைத்து நின்றார். எர்த்துக்கான பச்சைக் கம்பி எதிலும் சேராமல் தொங்கியது!

"இன்னாம்மா இது? சுருள் வெடிச்சிருந்தா தண்ணியிலேயே கரண்டு வந்திருக்குமே!"

தினமும் அங்கே முதலில் குளிப்பவள் என் எட்டு வயது மகள். எனக்கு உடல் சில்லிட்டது.

எர்த்தைச் சரிசெய்து, 2000 வாட் ஹீட்டருக்கு ஏற்ற 16 ஆம்பியர் பிளக்கும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்தும் கருவியும் வைத்த பிறகே புது ஹீட்டர் சுவரேறியது. செலவு கூடத்தான் ஆயிற்று. ஆகட்டுமே!

ஹீட்டர் வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம். தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, அந்தப் பச்சைக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள்.